கடலுக்கு யார் உள்ளூர்?

2019 நவம்பர் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் இல்லாமல் போயிற்று. முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் என்று வடக்கிலிருந்து தெற்கே நீளும் கரை முழுக்கப் புது மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. உத்திரமேரூர் வட்டம் பழைய மாவட்டத்தோடு உள்நாட்டில் நின்றுகொண்டது. அதுவரை ‘நம்ம மாவட்டத்துக் கடற்கரை’ என்று உத்திரமேரூர்க்காரர்கள் சொல்ல முடிந்த மாமல்லபுரம், ஒரே அரசாணையில் பக்கத்து மாவட்டத்து ஊராகிவிட்டது. நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினை அது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், கடற்கரைக்குப் புதிதாக ஒரு பொதுவழியைத் திறந்து, ‘உள்ளூர் மக்களுக்கு இலவசம்’ என்று அறிவிக்கும் நடைமுறையை எடைபோட உத்திரமேரூர் தோதான இடம். கடலோரத்தில் இருப்பவருக்கு அந்த அறிவிப்பில் இனிப்பு மட்டும்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கும் மேலான பேருந்துத் தூரத்தில் இருப்பவருக்கு அதன் மறுபக்கமும் தெரியும். வழி திறப்பதை முழு மனதோடு வரவேற்கலாம். அதை உள்ளூராருக்கான சலுகையாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வழியின் அருமையைப் பார்ப்போம். கடற்கரை பொதுச்சொத்து என்பதில் இந்தியாவில் யாருக்கும் ஐயமில்லை. 1996 டிசம்பரில், பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய ஒரு விடுதி தொடர்பான கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓடும் நீர், கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்கள் சார்பில் காத்துநிற்கும் அறங்காவலர். கொள்கை சரி. நடைமுறையில், பொதுவான மணலுக்கும் பொதுவான சாலைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் தனியார் பட்டா நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்குப் பல மைல்களுக்குக் கடல் காதில் விழும், கண்ணில் படாது. மதில், இரும்புக் கதவு, காவலாளி, பண்ணை வீட்டின் பெயர்ப்பலகை, மறுபடியும் மதில். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதை முன்கூட்டியே யோசித்திருந்தது. கடற்கரை விடுதிகள் இரண்டுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் போக இடைவெளி விட வேண்டும் என்றது. கூடவே ஒரு வினோதமான வரியையும் சேர்த்தது: அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை மீட்டருக்கு ஒரு வழி வேண்டும் என்பதுதான் பொதுமக்களுக்குத் தேவையான விதி. எழுதப்பட்டதோ குறைந்தபட்சத் தூரம். வழி நெருக்கமாக அமைந்துவிடுமோ என்று யாரோ கவலைப்பட்டதைப் போலத்தான் அந்த வாசகம் படுகிறது. சட்டமே இப்படி இருக்கையில், வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் பாதையென்று இருந்தும் வேலிக்குள் போய்விட்ட ஒரு வண்டிப்பாதையை மீட்டு, கல் நட்டு, ‘கடற்கரைக்குப் பொதுவழி’ என்று பலகை வைப்பது சின்ன வேலை அல்ல. அகலம் ஆறடியே என்றாலும், மதில்களின் நடுவே அந்த ஆறடி ஓர் உரிமையைத் தரையில் இறக்கிவைக்கிறது.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதற்குக் கோவாவின் வைங்கினிம் கடற்கரை சாட்சி. பணஜிக்கு அருகே உள்ள அந்தக் கரையில் ஒரு நட்சத்திர விடுதிக்காக அரசு நிலம் எடுத்துக்கொடுத்தது. பொதுமக்கள் கடற்கரைக்குப் போகும் வழியைத் தடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்த நிபந்தனை. விடுதி விரிவடைந்தது, வழி மறைந்தது. அக்கம்பக்கத்துக் குடிமக்கள் சிலர் வழக்குத் தொடுத்து, விடாமல் நடத்தி, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: வழி மக்களுடையது, அதை மறித்த கட்டடப் பகுதி இடிக்கப்பட வேண்டும். அதே ஆண்டில் கோவா அரசு நில எடுப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்த இடிப்பைத் தவிர்க்க வழி தேடியது என்பது கதையின் கசப்பான பகுதி. இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் வேறொன்று. வழக்குப் போட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். கேட்டது தங்களுக்கு மட்டுமான வழி அல்ல. ‘நாங்கள் இந்த ஊர், எங்களுக்கு ஒரு சந்து விடுங்கள்’ என்று கேட்டிருந்தால் விடுதி நிர்வாகம் ஒரு பக்கவாசலைக் காட்டி என்றைக்கோ சமாதானம் பேசியிருக்கலாம். எல்லாருக்குமான வழி என்று கேட்டதால்தான் அது உரிமை வழக்காகி, நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பாயிற்று.

உள்ளூர்ச் சலுகையின் முதல் குறை இங்கேதான் தெரிகிறது. சலுகை, எதிர்ப்பவரை அமைதிப்படுத்தும். எதிர்க்கப்பட்டதை அப்படியே விட்டுவிடும். சுங்கச்சாவடியில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் சொந்த வாகனக்காரருக்கு மாதாந்திரச் சலுகை அட்டை கொடுத்தால், மறியலுக்கு வரக்கூடிய ஆள் வீட்டோடு நின்றுவிடுவார். கட்டணம் சரியா என்ற கேள்வி, வழிப்போக்கரிடம் போய்ச் சேரும். வழிப்போக்கருக்குச் சங்கம் இல்லை. கடற்கரையிலும் அதே கணக்குதான். பக்கத்துக் குப்பத்துக்கும் ஊராட்சிக்கும் நுழைவு இலவசம் என்று அறிவித்த மறுகணம், மற்றவர்களிடம் கட்டணம் வாங்குவது இயல்பான காரியமாகிவிடுகிறது. இலவசம் என்ற அறிவிப்பே, ‘இங்கே வாங்க ஒரு விலை இருக்கிறது’ என்ற எண்ணத்தையும் சேர்த்து நடுகிறது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இந்த நோய் முற்றி, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூ ஜெர்சியின் அவான் என்ற சிறிய கடலோர ஊர், வெளியூர்க்காரரிடம் கடற்கரைக்குக் கூடுதல் கட்டணம் வாங்கியது. பக்கத்து ஊரான நெப்டியூன் சிட்டி வழக்குப் போட்டது. 1972இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பொது அறங்காவலில் இருக்கும் கரையில் ஊரார், வெளியூரார் என்று பாகுபாடு காட்ட ஊராட்சிக்கு அதிகாரமில்லை என்றது. கனெக்டிகட்டின் கிரீனிச் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், வெளியூர்க்காரரைத் தன் கடற்கரைப் பூங்காவுக்குள் விடவே இல்லை. ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒருவர் தடுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்து, 2001இல் வென்றார். அதற்குப் பிறகு கிரீனிச் கதவைத் திறந்தது. திறந்துவிட்டு வெளியூராருக்கு நாள் கட்டணம் வைத்தது. சட்டம் தடையை உடைத்தால் விலை அந்த இடத்தில் வந்து உட்காரும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அமெரிக்காவின் பணக்காரப் புறநகரை நம் ஊரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டியது வருமானத்தை அல்ல, எல்லை வகுக்கும் தர்க்கத்தை. முகவரியைப் பார்த்து மணலில் கால்வைக்க விடும் ஏற்பாடு எங்கே தொடங்கினாலும், முகவரி இல்லாதவரையும் தொலைவில் இருக்கும் ஏழையையும்தான் அது முதலில் வடிகட்டும்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வெளியூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். பிளாஸ்டிக் தட்டும் உடைந்த பாட்டிலும் திங்கட்கிழமை உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுகின்றன. தெரு அடைபடுவதையும் இரவுக் கூச்சலையும் தாங்குவதும், தண்ணீரில் சிக்கியவரைப் படகை இறக்கி மீட்பதும் அங்கே வாழ்கிறவர்கள்தான். சுமை அவர்களுக்கு என்றால் முன்னுரிமையும் அவர்களுக்குத்தானே? முன்னுரிமை வேண்டும் என்பது சரி. அது நுழைவுச்சீட்டின் வடிவத்தில் வருவதுதான் தவறு. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கடற்கரை உலாவும் இடமாக இருப்பதற்கு முன்பே பணியிடமாக இருக்கிறது. ஃபைபர் படகு ஏற்றி நிறுத்த இடம் வேண்டும். வலையை விரித்துச் சிக்கெடுக்க, கிழிசல் தைக்க நிழல் வேண்டும். கருவாடு காய மணல் வேண்டும். கரைவலை இழுக்கும் நாளில் நீண்ட கரை முழுக்கக் காலியாக வேண்டும். இதையெல்லாம் ‘உள்ளூர்வாசிகளுக்கு அனுமதி இலவசம்’ என்ற ஒற்றை வரியில் அடக்குவது, தறிக்காரரைத் தன் தறிக்கூடத்துக்குள் கட்டணமின்றி விடுகிறோம் என்று பெருமைப்படுவதற்குச் சமம். சுற்றுலாப் பயணிக்குக் கொடுப்பதையே மீனவருக்கும் கொடுத்துவிட்டு, அதைச் சலுகை என்று பெயரிடுவதால், அவருடைய தொழிலுரிமை சத்தமில்லாமல் பொழுதுபோக்கு உரிமையாகச் சுருங்கிவிடுகிறது.

சுருங்கினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. போக்குவரத்துக்கு இடையூறு என்ற கோணத்தில் பிரச்சினை பார்க்கப்பட்டது. கடைகள் அகற்றப்பட்டபோது நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சாலை வருவதற்கு முன்பே கரை இருந்தது, கரையில் குப்பம் இருந்தது என்பது அவர்களின் வாதம். பின்னர் அங்கே நவீன மீன் அங்காடி கட்டப்பட்டது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 172ஆம் அரசாணையையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகச் சம்மதிப்பவருக்குப் புது வீடு. பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். நோக்கம் பாதுகாப்பு. காலியாகும் கரை யாருக்குப் போகும் என்ற அச்சமோ கற்பனையல்ல. ஆகவே மீனவருக்கான முன்னுரிமை, கடலோர மேலாண்மை வரைபடத்தில் படகு நிறுத்துமிடம், வலைக்கூடம், மீன் உலர்த்தும் மணல் ஆகியவை புல எண்ணோடு குறிக்கப்படுவதில் இருக்கிறது. வரைபடங்களில் தங்கள் பொது இடங்கள் விடுபட்டுப்போகின்றன என்று மீனவர் அமைப்புகள் திரும்பத் திரும்ப முறையிடுவது இதற்காகத்தான். அந்தக் குறிப்பு இருந்தால், பொதுவழி எல்லாருக்கும் திறந்திருந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. இல்லாவிட்டால், ஊருக்குள் வீட்டுக்கு வீடு இலவச அட்டை கொடுத்தாலும் பயனில்லை.

கடலுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் கரையில்தான் குடியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் இது விளங்கும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் உட்பகுதிகளிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து, மணலில் துணிக்கூடாரம் அடித்துத் தங்கி, கன்னியம்மனை வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, திருமணம் முடிப்பது எல்லாம் அந்த மணலிலேயே நடக்கின்றன. ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு, வருடத்துக்கு ஒரு முறை வந்து கூடும் அந்தக் கரைதான் சமூகச் சபை, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம். அவர்களில் பலருக்கு வீட்டுமனைப் பட்டாவே போராடிப் பெற வேண்டிய ஒன்று. முகவரிச் சான்று கேட்டு வழிவிடும் எந்த ஏற்பாடும் முதலில் நிறுத்திவைக்கப் போவது இவர்களைத்தான். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர், தீர்த்தவாரிக்குச் சாமியைத் தூக்கி வருகிறவர் என்று பட்டியல் நீளும். கடலோடு உள்நாட்டு ஊர்களுக்கு இருக்கும் உறவு, மாவட்ட எல்லை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இலவசம் என்பதற்கு வருவோம். மணலில் நடக்கக் காசு இல்லை. ஆனால் வழிக்குச் செலவு உண்டு. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலி மணலில் புதையாமல் அலை வரை போக முடிந்தது, பலருக்கு வாழ்நாளில் முதல் முறையாக. கடற்கரை வழி என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது; கால் இருப்பவருக்கு மட்டும் வழி இருந்தால் அது பாதி வழிதான். அடுத்த மாதமே மாண்டஸ் புயலின் அலை அதன் கடற்புற முனையைப் பெயர்த்துப் போட்டது. திறப்பு விழாவைப் பாராட்டியவர்களில் சிலர் உடனே கேலியில் இறங்கினார்கள். கேலிக்கு அவசியமில்லை. வங்கக் கடலோரத்தில் மரமோ கல்லோ எது வைத்தாலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பழுதுபார்க்க வேண்டும் என்பது ஆண்டுதோறும் வரும் செலவு. அது செய்யப்பட்டது, பாதை மீண்டது. தலைநகரின் மாநகராட்சிக்கு அந்தப் பணமும் பத்திரிகைக் கவனமும் இருந்தன. ஒரு சிறிய கடலோர ஊராட்சிக்கு இரண்டும் இல்லை. அங்கே கழிப்பறைக் கதவு உடைந்தால் உடைந்ததுதான். பெண்கள் வருவது அதோடு நிற்கும். பலகையில் ‘இலவசம்’ மட்டும் வெயிலில் மங்கிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நுழைவுக் கட்டணம் வைப்பதில் என்ன தவறு என்று நிர்வாகம் கேட்கும். நீலக்கொடித் திட்டம் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில். 1985இல் பிரான்சில் தொடங்கி, இன்று கோபன்ஹேகனிலிருந்து நடத்தப்படும் அந்தச் சான்றிதழை 2021இல் கோவளம் பெற்றது. நீரின் தரம், கழிவு மேலாண்மை, பாதுகாப்பு, விழிப்புணர்வு என்று 33 அளவுகோல்கள். ஒரு முறை பெற்றால் போதாது, ஆண்டுதோறும் தகுதியை நிரூபிக்க வேண்டும். அரசுத் திட்டங்களில் அரிதாகவே காணக்கிடைக்கும் ஒழுங்கு இது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்ற பயம் நல்ல பயம். அதே சமயம், எல்லா அளவுகோலும் குளிக்க வருகிறவர் கண்ணிலிருந்து எழுதப்பட்டவை. மூங்கில் நிழற்குடை எத்தனை என்று எண்ணும் படிவத்தில் வலை காயப்போடும் இடத்துக்குக் கட்டம் கிடையாது. மெரினா, கடலூர் வெள்ளிக் கடற்கரை, காமேஸ்வரம், அரியமான் என்று தமிழ்நாடு இந்தத் திட்டத்தை விரிக்கும்போது இந்தக் குறையும் கூடவே விரிகிறது. கட்டணம் வேண்டுமென்றால் வாகனத்துக்கு வாங்கலாம்: நான்கு சக்கரத்துக்குக் கூடுதலாக, இரு சக்கரத்துக்குக் குறைவாக, நடந்தும் பேருந்திலும் வருகிறவருக்கு எதுவும் இல்லாமல். கரையை மதிலாக்கிப் பயனடையும் விடுதிகளிடம் சொத்து வரியில் ஒரு பங்கைப் பொதுவழிப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்லலாம். ஆளைப் பார்த்து வாங்குவதைவிட இடத்தை அடைப்பதைப் பார்த்து வாங்குவது நியாயம்.

இயற்கைப் பற்றாளர்களின் தடை வேறு மாதிரி. வழி திறந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் மணல்மேடு சிதையும் என்பார்கள். இராவணன் மீசையும் அடம்பங்கொடியும் பிடித்துவைத்திருக்கும் மேட்டின் மேல் ஜீப்பை ஏற்றினால், அடுத்த புயலில் கடல் உள்ளே வரும். அதைச் சவுக்குத் தோப்பு மட்டும் தடுத்துவிடாது. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் கடலின் மெல்லிய வெளிச்சத்தை நோக்கிப் போகும் வழக்கமுடையவை. கடற்கரையில் உயர்கோபுர விளக்கு வைத்தால் சாலையை நோக்கி நடந்து மடியும். இந்த எச்சரிக்கை முழுக்கச் சரி. ஆனால், வழியில்லாத விடுதிக் கரைகளில் மணல்மேடு பத்திரமாக இருக்கிறதா என்றால், அதைச் சமன்செய்து புல்தரை போட்டிருப்பார்கள். கதவடைப்பு கரையைக் காப்பதில்லை. எங்கே வழி, எங்கே வேண்டாம், எந்த மாதத்தில் இரவில் விளக்கை அணைப்பது என்ற முடிவுகள்தான் காக்கும். நீரில் மூழ்குவோர் விஷயமும் இதே. ‘குளிக்கத் தடை’ பலகை பொறுப்பைத் துறப்பதற்கே உதவுகிறது. உள்ளிழுக்கும் நீரோட்டத்தை அறிந்த மீனவ இளைஞர்களைச் சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்களாக அமர்த்துவது உயிரைக் காக்கும், உள்ளூருக்கு வருமானமும் ஆகும். உள்ளூர் முன்னுரிமை என்ற சொல்லுக்கு உருப்படியான வடிவம் இது.

இந்த முடிவுகளை யார் எடுப்பது, யார் கணக்குக் காட்டுவது என்பதில்தான் நம் நடைமுறை இன்னும் தடுமாறுகிறது. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லாரும் புகழ்கிறோம். அவற்றில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட தனிக்குழு இருந்தது. பொது நீர்நிலையைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை, பதவிக்காலம் ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள். அந்தச் சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை. ஏரி நீரில் உழைத்த பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. ஆகவே அதை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது என்ற விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, ஊராட்சி, வந்துபோகிறவர்கள் தரப்பில் உள்நாட்டு வட்டங்களின் பிரதிநிதி ஒருவர் என்று ஒரு குழு அமைத்து, வாகனக் கட்டணம் எவ்வளவு வந்தது, கழிப்பறைக்கும் உயிர்காப்பாளருக்கும் எவ்வளவு போனது என்பதைக் கிராம சபையில் ஆண்டுக்கொரு முறை படிக்க வைத்தால், இலவசத்தின் உண்மை விலை எல்லாருக்கும் தெரியும்.

வந்துபோகிறவர்கள் தரப்பு என்று சொன்னதற்குக் காரணம் பேருந்து. உத்திரமேரூரிலிருந்து மாமல்லபுரம் போகும் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு கடற்கரையில் இல்லை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்வரும் டிக்கெட்டில் இருக்கிறது. 2021 மே முதல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். தொலைவுப் பேருந்தில் அது செல்லாது. காரில் வருகிறவருக்கு நுழைவு இலவசமா இல்லையா என்பது பொருட்டே அல்ல, கூலிக்குப் போகிறவருக்கோ அதுவரை வந்து சேர்வதே பிரச்சினை. காணும் பொங்கலுக்குச் சிறப்புப் பேருந்து விட முடிகிற போக்குவரத்துக் கழகம், ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு வண்டியை உத்திரமேரூர், மதுராந்தகம், வாலாஜாபாத் போன்ற ஊர்களிலிருந்து நகரப் பேருந்துக் கட்டணத்தில் விடுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை ஒரு கடற்கரைப் பொதுவழித் திட்டம் மதிப்பீட்டுக்கு வரும்போது, சிமெண்டுப் பாதைக்கும் பெயர்ப்பலகைக்கும் பக்கத்தில் அந்த வண்டிக்கான செலவையும் ஓர் இனமாக எழுத வேண்டும்; அது எழுதப்படாதவரை, திட்டம் எந்த மக்களுக்காக என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கிற உரிமை உத்திரமேரூருக்கு இருக்கிறது.